இலகு ரக ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் காரைக் கழற்றலாம்?

நேயர்களுக்கு வணக்கம். 1957இல் கொலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் அமைப்பைப் பின்பற்றி, பிரிட்டனில் பலர் இன்றும் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறார்கள். சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேஸியாக்கி, இன்ஜின் முதல் வீல் ஹப் வரை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் பூட்டுகிறார்கள். அந்தப் பழைய காருக்கு டோனர் கார் என்று பெயர்.

டோனர் தேடும்போது குதிரைத்திறனைப் பிறகு பாருங்கள். 600 கிலோவை ஒட்டிய வண்டிக்கு 115 குதிரைத்திறனே தாராளம். இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறதா, இழுவை பின்சக்கரங்களுக்குப் போகிறதா என்பதுதான் முக்கியம். குறுக்கே அமர்ந்த இன்ஜின் செவனின் ஒடுங்கிய மூக்குக்குள் அடங்காது.

முன்பு ஃபோர்டு எஸ்கார்ட்டைக் கழற்றினார்கள். இப்போது அதன் பழைய மாடல்களைச் சேகரிப்பவர்கள் வாங்குவதால் விலை கட்டுபடியாகாது. ஃபோர்டு சியாராவில் வரும் பின்டோ இன்ஜின் கனமானது, உயரமும் அதிகம். தரையில் இடிக்காதிருக்க இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்க வேண்டும்.

ஆகவே 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையையே நான் சொல்வேன். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி இதில் துருப்பிடிக்கும். அதனாலேயே சாலைத் தகுதிச் சோதனையில் தோற்று, மலிவாக விலைக்கு வரும். பாடி நமக்கு வேண்டாம் என்பதால் அந்தத் துரு நமக்கு லாபம்!

ஆனால் ஓடுகிற நிலையில் உள்ள வண்டியையே வாங்குங்கள். 1991 வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனை குட்டை. அங்கே போல்ட் தளர்ந்தால் பூட்டுச் சாவித்துண்டு அமரும் பள்ளம் தேய்ந்து, இன்ஜின் டைமிங் நகர்ந்துவிடும். அந்த முனையில் பூட்டிய பெல்ட் சக்கரமான புல்லியின் நடுவே நான்கு பிளவு தெரிந்தால் குட்டை முனை, எட்டு என்றால் நீண்ட முனை. இன்ஜினை ஓடவிட்டு, புல்லி தள்ளாடுகிறதா என்றும் கவனியுங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் எண்ணெய் கசிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கேம் சென்சாரின் ரப்பர் வளையம்தான் போயிருக்கும்.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்காமல் முழுக் காராக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், 1.8 லிட்டர் மாடலில் பெரியது, உறுதியானது. 1.6இன் டிரைவ் ஷாஃப்ட்டும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதில் அப்படியே பொருந்தாது.

எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்ட் கிடையாது. அதையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்துத் தாங்குகிறது. உங்கள் சேஸி வரைபடத்தில் அந்தச் சட்டத்துக்கு இடமில்லை என்றால், கியர்பாக்ஸுக்குப் புது மவுண்ட் செய்ய வேண்டும். டிஃபரன்ஷியலின் மூக்கு முறுக்கித் தூக்காமலும் பிடித்தாக வேண்டும். கார் வாங்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

ஸ்பிரிங்குகளை விட்டுவிடுங்கள், எடை குறைந்த வண்டிக்கு அவை ஒத்துவராது. பின் பிரேக் கேலிப்பரில் ஹேண்ட்பிரேக் இறுகிப்போவது வழக்கம், செலவுக் கணக்கில் சேருங்கள். வயரிங்கை எங்கும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு கனெக்டருக்கும் சீட்டு ஒட்டி, படமெடுத்த பிறகே உருவுங்கள். பதிவுச் சான்றையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். இப்படித் தனியாகச் செய்த காருக்கான அரசு ஒப்புதல் சோதனையான ஐவிஏ முடிந்து பதிவுக்குப் போகும்போது, எந்த உறுப்பு எந்தக் காரிலிருந்து வந்தது என்று காட்ட அவை வேண்டும்.