கழுகுப் படமும் ஜானியின் வலது கையும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ரமோன்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு பனியனில். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் ஒரு கடை. கறுப்புத் துணி, வெள்ளை மையில் ஒரு வட்டம், நடுவில் கழுகு, சுற்றிலும் நான்கு பெயர்கள். ஏதோ அமெரிக்க அரசாங்க முத்திரை என்று நினைத்துத்தான் வாங்கினேன். போட்டுப் போட்டுக் கழுத்து தொளதொளவென்று ஆன பிறகுதான், ஒரு நண்பனின் அறையில் அவர்களுடைய பாட்டு காதில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால், இந்தப் பனியனைப் போட்டிருக்கும் பிள்ளைகளை நிறுத்தி, "எங்கே, மூணு பாட்டுப் பேர் சொல்லு" என்று மடக்குகிறார்களே, அந்தக் கட்சியில் நான் இல்லை. ஆனால் அவர்களுடைய வருத்தம் எனக்குத் தெரியும். பாட்டைவிடப் பனியன் அதிகம் விற்ற குழு என்று ரமோன்ஸைப் பற்றிச் சொல்வது ராக் ரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விடுகிறார்களே!

எந்தக் கை? சொல்கிறேன்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்று ஒரு பேட்டை. 1974இல் அங்கிருந்து நாலு பேர் சேர்கிறார்கள். கிட்டாருக்கு ஜானி, பாட்டுக்கு ஜோயி, பாஸ் கிட்டாருக்கு டீ டீ, டிரம்ஸுக்கு டாமி. யாருக்கும் யாரும் உறவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் பால் ரமோன் என்று புனைபெயர் வைத்திருந்தார். அதை எடுத்து நால்வரும் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் பவரி தெருவில் சிபிஜிபி என்ற சின்ன கிளப்பில் மேடை ஏறினார்கள்.

ஜானியின் கையில் இருந்தது ஐம்பது டாலர் சொச்சத்துக்கு வாங்கிய மோஸ்ரைட் கிட்டார். பொதுவாகக் கிட்டார் வாசிப்பவர்கள் கீழே ஓர் அடி, மேலே ஓர் அடி என்று மாற்றி மாற்றி மீட்டுவார்கள். கை களைக்காது, வேகமும் கிடைக்கும். ஜானி அப்படிச் செய்யவில்லை. கை மேலே திரும்பும்போது கம்பியைத் தொடாது. ஒவ்வோர் அடியும் மேலிருந்து கீழாக மட்டும். அதுவும் வேகமான பாட்டுகளில் நொடிக்கு ஐந்தாறு அடி. மேலடி எப்போதும் கீழடியைவிடச் சற்று மெலிந்து ஒலிக்கும். எல்லாமே கீழடி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே கனம். ஓர் இயந்திரம் நிற்காமல் ஓடுகிற மாதிரி. இப்போதே உங்கள் தொடையில் அந்த வேகத்தில் ஒரு நிமிடம் தட்டிப் பாருங்கள், முன்கை இறுகிவிடும். நான் கிட்டாரில் முயன்றபோது இரண்டாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. ஜானி இரவுக்கு இரவு முழுக் கச்சேரியும் அப்படி வாசித்தார். 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் பதிவானதைக் கேளுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் 28 பாட்டுகள். ஒன்று முடிந்த கையோடு டீ டீ "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று கத்துவார், அடுத்தது தொடங்கிவிடும்.

அந்த இரைச்சலின் மேல் ஜோயி பாடுவது என்ன? அறுபதுகளின் பெண் குழுக்கள் பாடியது போன்ற இனிப்பான மெட்டு. இவர்கள் முரட்டுத்தனத்தை மட்டும் கொண்டுவந்தார்கள் என்று சொல்பவர்கள் ஜோயியைச் சரியாகக் கேட்கவில்லை.

முதல் ஆல்பம் 1976இல் வந்தது. ஆன செலவு 6,400 டாலர். பதினான்கு பாட்டு, மொத்தம் சுமார் 29 நிமிடம். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடந்த காலம் அது. இவர்கள் ஒரு வாரத்தில் முடித்தார்கள். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அது தொட்ட உச்சம் 111ஆம் இடம். ரேடியோக்காரர்கள் அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை.

சரி, பாட்டு விற்கவில்லை. அப்படியானால் 1974 முதல் 1996 வரை 2,263 கச்சேரிகளை எப்படி நடத்தினார்கள்? இங்கேதான் ஆர்ட்டுரோ வேகா வருகிறார். மெக்சிகோவில் பிறந்த ஓவியர். சிபிஜிபிக்குப் பக்கத்திலேயே அவருடைய வீடு. ஜோயியும் டீ டீயும் அங்கே தங்கியிருந்தார்கள். இவர்களைப் போல் அசல் அமெரிக்கக் குழு வேறில்லை என்று அவருக்குப் பட்டது. அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்தார். கழுகின் ஒரு காலில் இருந்த ஆலிவ் கிளைக்குப் பதில் ஆப்பிள் கிளை. இன்னொரு காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை, ஜானி பேஸ்பால் பைத்தியம் என்பதால். அலகில் தொங்கும் நாடாவில் பிற்பாடு அவர்கள் பாட்டில் வரும் "ஹே ஹோ லெட்ஸ் கோ" என்ற கூவல் வந்து உட்கார்ந்தது. வேகா மேடைக்கு விளக்கு அமைப்பார், அப்புறம் அதே கச்சேரியில் டி-சர்ட் விற்பார். ஏறக்குறைய எல்லாக் கச்சேரிகளிலும் அவர் இருந்தார். ரெக்கார்டு கொடுக்காத காசை டி-சர்ட் கொடுத்தது. வண்டி அடுத்த ஊருக்குப் போனது.

பனியனைப் பழிப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். அது பின்னால் வந்த ஒரு கம்பெனி ஒட்டிய லேபிள் இல்லை. குழுவோடு வாழ்ந்த ஒருவர் வரைந்து, தன் கையால் விற்றது. அது இல்லாவிட்டால் ஜானியின் கை இத்தனை ஊர்களைப் பார்த்திருக்காது.

அந்தக் கை போன இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 1976 ஜூலை 4, லண்டன் ரவுண்ட்ஹவுஸ். மறுநாள் இன்னொரு கிளப். அங்கே அப்போதுதான் கிளம்பியிருந்த கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற ராக் குழுக்களின் ஆட்கள் தேடி வந்து சந்தித்தார்கள். வாஷிங்டனில் கறுப்பின இளைஞர்கள் தொடங்கிய பேட் பிரெய்ன்ஸ் குழுவினர், தங்கள் பெயரை ஒரு ரமோன்ஸ் பாட்டிலிருந்து எடுத்தார்கள். ஜப்பானின் ஒசாகாவில் ஷோனென் நைஃப் என்ற பெண்கள் குழு, முழு ஆல்பமே ரமோன்ஸ் பாட்டுகளால் போட்டது. மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழு ரமோன்ஸ் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடியது. யூ2 குழு 2014இல் வெளியிட்ட ஆல்பத்தின் முதல் பாட்டுத் தலைப்பிலேயே ஜோயி ரமோனின் பெயர் இருக்கிறது. அர்ஜென்டினாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்த நாட்டில் கிளப்புகளில் வாசித்தவர்கள், 1996 மார்ச்சில் புவெனஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தில் வாசித்தார்கள். அங்கே ஜனங்கள் பாட்டுக்காக வந்தார்கள்.

வயிற்றெரிச்சல் எங்கே தெரியுமா? ஜோயி 2001இல் போனார். டீ டீ 2002இல். ஜானி 2004இல். முதல் ஆல்பம் ஐந்து லட்சம் விற்று அமெரிக்காவில் தங்கத் தகுதி பெற்றது 2014 ஏப்ரலில், முப்பத்தெட்டு ஆண்டு கழித்து. நால்வரில் அப்போது உயிரோடு இருந்தவர் டாமி ஒருவர். அந்த ஜூலையில் அவரும் போய்விட்டார். அந்தப் பனியனை உலகமெல்லாம் துணிக்கடைகளில் தொங்கவிட்ட காலம், பெரும்பாலும் அவர்கள் இல்லாத காலம். சிபிஜிபி 2006இல் மூடியது; இரண்டு வருடத்தில் அந்த இடத்தில் விலை உயர்ந்த ஒரு துணிக்கடை வந்தது. பக்கத்துத் தெருமுனைக்கு ஜோயியின் பெயர் வைத்தார்கள். பலகை திருடுபோய்க்கொண்டே இருந்ததால் எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. அந்தத் திருடர்களிடம்கூட எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. அவர்களாவது யாருடைய பெயர் என்று தெரிந்து எடுத்தார்கள்.

இன்று இந்த அரங்கில் அந்தக் கழுகைப் போட்டுக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்த்தேன், சந்தோஷம். யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. முதல் ஆல்பத்தை முழுசாகப் போடுகிறேன், 29 நிமிடம்தான். அதில் பாஸ் கிட்டாரை இடது பக்கமும் கிட்டாரை வலது பக்கமும் பிரித்துப் பதிந்திருக்கிறார்கள். முடிந்தால் இந்த வலது ஸ்பீக்கர் பக்கம் வந்து உட்காருங்கள். ஜானியின் கை அங்கேதான் கேட்கும்.