தார்சாவில் ஒரு கட்டில்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மாத்திரை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம்முடைய அம்பாசமுத்திரத்திலோ திருச்செந்தூரிலோ ஒரு வீட்டில் இந்த நோய் வந்திருந்தால் அந்த வீட்டார் என்ன செய்திருப்பார்கள்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். களக்காடு, நாங்குநேரி, சேரன்மகாதேவிப் பக்கமெல்லாம் தெருத்தெருவாகப் போய் நோயாளிகளை வீட்டில் பார்ப்பதுதான் வேலை. மருந்தே இல்லாத காலத்தில் இதே வேலையை எப்படிச் செய்தார்கள் என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன், வயதானவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் என்ற டாக்டர் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தார். அதனால்தான் இப்போதும் மார்ச் 24-ஐக் காசநோய் நாளாக வைத்திருக்கிறோம். ஆனால் கிருமி தெரிந்ததே தவிர, அதைக் கொல்லும் மருந்து வரவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். நடுவில் அறுபது வருஷம். அந்த அறுபது வருஷம் வெள்ளைக்கார டாக்டர்கள் மீன் எண்ணெய் கொடுத்தார்கள், கிரியோசோட் கொடுத்தார்கள், அப்புறம் தங்க உப்பைக்கூட ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை நெய், ஆட்டுப்பால். ஆடாதோடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருமலுக்கு இப்போது மருந்துக் கடையில் விற்கிற புரோம்ஹெக்சின், அந்த இலையில் இருக்கிற சத்தைப் பார்த்துச் செய்ததுதான். சளியை இளக்கும். ஆனால் கிருமியைக் கொல்லாது. நெஞ்சுச் சளியில் கிருமி தெரிகிற நோயாளிகளை மருந்தில்லாமல் விட்டால் ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோவார்கள். அப்படிப்பட்ட நோய் இது.

காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரத்தில் 1915-ல் மிஷன் சபைகள் சேர்ந்து ஒன்றைத் தொடங்கின. டென்மார்க்கிலிருந்து வந்த பிரிமோத் மொல்லர் என்ற டாக்டர் அதை நடத்தினார். தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928-ல் ஒன்று தொடங்கினார். நல்ல இடங்கள்தான். ஆனால் களக்காட்டில் வாழை வெட்டுகிறவரோ மேலப்பாளையத்தில் தறி நெய்கிறவரோ வேலையை விட்டுவிட்டு, ரயில் ஏறி, மாதக் கணக்கில் அங்கே போய்ப் படுத்திருக்க முடியுமா? அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் அவர் வீடுதான். இங்கே மட்டும் இல்லை, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏழைகளின் கதை இதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு முடிவதற்குள் இன்னும் ஓரிரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நோயாளி வீட்டில் கிடப்பது வேறு, அவரை வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது வேறு. வைத்தியம் என்று ஆக வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு ஆள் அந்த வாசற்படி ஏறி வர வேண்டும். ஒரு தடவை வந்தால் போதாது, திரும்பத் திரும்ப வர வேண்டும்.

நம்முடைய பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணை, அதை ஒட்டிக் காற்று வரும் முன்கூடமான தார்சா, உள்ளே பட்டாசல் என்கிற கூடம், அதற்கும் உள்ளே அரங்கு வீடு. அரங்கு வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. நெல்லும் பாத்திரமும் பணமும் வைக்கிற இடம். பகலிலேயே விளக்கு வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் அவரைக் கொண்டுபோய்ப் போட்டது அந்த அரங்கு வீட்டில்தான். காற்றுப் பட்டால் இருமல் கூடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், தெருவில் போகிறவர் கண்ணில் பட்டால் வீட்டுப் பெண்களுக்கு வரன் வராது.

என் ஆச்சி சொன்ன கதை இது. அவளுடைய அண்ணன் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்துவிட்டு இருமலோடு ஊர் திரும்பினார். 1920-களில் நடந்தது. ஆச்சி அப்போது பாவாடை கட்டுகிற வயது. அண்ணனை அரங்கு வீட்டில் படுக்க வைத்தார்கள். சோறு கொண்டுபோவது ஆச்சியின் வேலை. வாசல் நிலைக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், உள்ளே போகக் கூடாது என்று கட்டளை. அவள் போனாள். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தாள். அடி வாங்கினாள். அப்புறமும் போனாள்.

அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் வில்வண்டியில் வந்துபோவாராம். பிரசவம் பார்க்க வந்தவர், பக்கத்து வீட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார். வந்து பார்த்ததும் முதல் காரியமாகக் கட்டிலைத் தூக்கித் தார்சாவில் போடுங்கள் என்றார். வீட்டில் ஒரே கூச்சல். சாரல் அடிக்கிற ஆனி மாதம், ஈரக்காற்று ஆகாது என்று பூட்டி அழுகை. என் ஆச்சி தன் பாட்டியைப் பூட்டி என்று எங்களுக்குச் சொல்வாள். நர்ஸம்மா வாதாடவில்லை. தானே கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாராம். இன்னொரு பக்கத்தை ஆச்சி பிடித்தாள். தட்டி கட்டிச் சாரலை மறைத்தார்கள். காற்றை மறைக்கவில்லை. கோழை துப்பச் சாம்பல் போட்ட மண் சட்டி, நிரம்பியதும் நெருப்பில் போட்டுவிட வேண்டும். தரையை வாரியலால் காய்ந்தபடியே கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காலையும் மாலையும் பால், நாளுக்கு ஒரு முட்டை. சைவ வீட்டில் முட்டை! அதற்கு ஒரு தனிச் சட்டியும் கொல்லைப்புறத்தில் ஒரு தனி அடுப்பும் வந்தன. நடக்கக் கூடாது, மண்வெட்டியைத் தொடக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும். வண்டி அந்தப் பக்கம் வருகிறபோதெல்லாம் நர்ஸம்மா இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஆச்சியின் அண்ணன் தேறினார். கணக்குப் பிள்ளையாகக் கடையில் உட்காரும் அளவுக்குத் தேறினார். சில வருஷம் கழித்து நோய் திரும்பி வந்து அதிலேயே போய்ச் சேர்ந்தார். மருந்தில்லாத காலம் அப்படித்தான். ஆனால் அந்தச் சில வருஷங்களில் அவருக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சோறு கொடுத்த என் ஆச்சி எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தாள்.

இதே காலத்தில், இதற்குக் கொஞ்சம் முன்னாலும், உலகத்தில் சில பேர் இதை முறையாகச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். எடின்பரோவில் ராபர்ட் பிலிப் என்ற டாக்டர் 1887-ல் காசநோய்க்கென்றே ஒரு மருந்தகம் திறந்தார். நோயாளி வந்தால் அவரைப் பார்ப்பதோடு விடாமல், வீட்டுக்கு நர்ஸை அனுப்பினார். வீட்டில் மற்றவர்களையும் கூப்பிட்டு நெஞ்சைச் சோதித்தார். இன்றைக்கு எங்கள் துறையில் செய்கிற தொடர்பாளர் பரிசோதனைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜோசப் பிராட். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1905-ல் அவர் சேரிவாசிகளான நோயாளிகளைப் பார்த்தார். சானடோரியம் போக வழியில்லாதவர்கள். இம்மானுவேல் தேவாலயத்தார் பணம் கொடுத்தார்கள். பிராட் ஒரு வகுப்பு தொடங்கினார். ஆமாம், பள்ளிக்கூட வகுப்பு மாதிரியே. சுமார் இருபது பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. அதில் அவரவர் காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, இன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் வெளிக்காற்றில் இருந்தேன் என்று தாங்களே எழுத வேண்டும். வாரம் ஒரு நாள் எல்லோரும் கூடுவார்கள். எடை பார்ப்பார்கள். நோட்டை டாக்டர் படிப்பார். எடை கூடியவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். நடுவில் ஒரு பெண்மணி ஒவ்வொரு வீடாகப் போய், நோட்டில் எழுதியது வீட்டில் நடக்கிறதா என்று பார்த்து வருவார். இரவில் படுக்கை எங்கே தெரியுமா? பலருக்கு மொட்டை மாடியில் கூடாரம், சிலருக்கு பால்கனி. பாஸ்டனில் பனி கொட்டும். அந்தப் பனியில் போர்வைகளுக்குள் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். நம் பூட்டி ஆனிச் சாரலுக்கே அழுதாள்!

பிராட் முதலில் நினைத்தது, இருபது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதை ஒரே தடவையில் சொல்லி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று. போகப் போக அவருக்கு வேறொன்று தெரிந்தது. வெவ்வேறு மதம், வெவ்வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒரே நோயால் ஒருவருக்கொருவர் உறவாகிவிட்டார்கள். எடை குறைந்தவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தைரியம் சொன்னார். இன்றைக்கு மனநல மருத்துவத்தில் குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை முறை இருக்கிறதே, அதற்கு முன்னோடி என்று பிராட்டைத்தான் சொல்கிறார்கள். காசநோயைப் பார்க்கப் போய் அங்கே சேர்ந்தது.

அந்த நோட்டை விட எனக்கு மனம் வராது. நான் வேலையில் இருந்தபோது நோயாளிகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்வேன். மாத்திரை போட்டேன், பசித்தது, தூங்கினேன் என்று மூன்று வார்த்தை எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதும். நோட்டு எழுதியவர்கள் மாத்திரையை நடுவில் விடுவது குறைவு. என் அனுபவம் அது. அரசாங்கச் சிகிச்சை அட்டை என்னுடையது, நோட்டு அவருடையது. தன் உடம்பைத் தானே கவனிக்கிற ஆளாக அவர் மாறிவிடுகிறார். மறுபடியும் சொல்கிறேன், வீட்டில் கிடப்பது வேறு, வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது வேறு.

சரி, தட்டு விஷயம். அந்தக் காலத்தில் உலர்ந்த கோழை தூசியாகப் பறந்துதான் நோய் பரவுகிறது என்று நம்பினார்கள். தட்டு, தம்ளர், துணி எல்லாம் தனி. 1950-களின் கடைசியில் பால்டிமோரில் ஒரு சோதனை செய்தார்கள். காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாக மேலே கினிப்பன்றிகள் இருந்த கூண்டுக்கு விட்டார்கள். அவற்றுக்கு நோய் தொற்றியது. அதே காற்றை புற ஊதா ஒளியில் காட்டி விட்டபோது தொற்றவில்லை. ஆக, பரவுவது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால். தட்டால் இல்லை. நர்ஸம்மா தார்சாவுக்குத் தூக்கிய கட்டில் வீட்டாரைக் காப்பாற்றியிருக்கும். நிலைக்கு வெளியே வைத்த தட்டு யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் பாருங்கள், கட்டிலை மறந்துவிட்டோம், தட்டை இன்னும் விடவில்லை. மருமகளுக்குக் காசநோய் என்றால் முதலில் தம்ளரைத்தான் பிரிக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பதில்லை. கொசுவுக்கும் ஏசிக்குமாகச் சேர்த்து மூடியே கிடக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கணித மேதை ராமானுஜன், காசநோய் என்று டாக்டர்கள் கருதிய உடம்போடு இங்கிலாந்திலிருந்து திரும்பியபின் அவர் மனைவி ஜானகி அம்மாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அதற்கு இடமில்லை. 1920-ல் சேத்துப்பட்டில் அவர் இறந்தார். அதே சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-ல் ஒரு கேள்விக்கு விடை தேடியது. மாத்திரை வந்துவிட்டது, இனி சானடோரியம் வேண்டுமா? சென்னையின் நெருக்கடியான தெருக்களில் வீட்டிலேயே இருந்து ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டவர்கள், நல்ல சாப்பாட்டோடு சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்த முடிவும் ஒரு பெரிய காரணம். அந்தச் சென்னைச் சோதனையிலும் வீடு தேடி ஆள் போனார்கள், அதை மறக்கக் கூடாது.

சாப்பாட்டையும் தள்ளிவிட வேண்டாம். ஜார்க்கண்டில் நோயாளி குடும்பத்துக்கே தானியம், பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசாங்கம் இப்போது மாதம் 1000 ரூபாய் தருகிறது. வாங்காதவர்கள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அங்கேயே சளிப் பரிசோதனை உண்டு, கட்டணம் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். நன்றி, வணக்கம்.