154-லிருந்து 353 வரை: 1977 தோல்விக்குப் பிறகு காங்கிரஸ் எப்படி எழுந்தது?

(திரையில்: மழையில் சேறாகிப்போன மண் பாதை. ஒரு யானை.)

வணக்கம். 1977 ஆகஸ்ட் மாதம். பிகாரில் பெல்ச்சி என்று ஒரு சின்ன கிராமம். சில வாரங்களுக்கு முன்புதான் அங்கே பதினோரு பேரைக் கொன்று எரித்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் தலித்துகள். அந்த ஊருக்குப் போகச் சரியான சாலை இல்லை. கிளம்பிய ஜீப் சேற்றில் சிக்கியது. டிராக்டர் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. கடைசியில் ஒரு யானையைக் கொண்டுவந்தார்கள். அம்பாரிகூட இல்லாத அதன் வெறும் முதுகில் ஏறி, 59 வயதுப் பெண் ஒருவர் அந்த ஊருக்குள் போனார்.

அவர் இந்திரா காந்தி. ஐந்து மாதத்துக்கு முன்பு வரை இந்தியாவின் பிரதமர். அன்று அவர் எம்.பி.கூட இல்லை.

தேசியத் தேர்தலில் படுதோல்வி அடைந்த ஒரு கட்சி எப்படித் திரும்ப எழுகிறது? இதைப் புரிந்துகொள்ள, நம் நாட்டிலேயே நடந்த இந்த மூன்று வருடக் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆட்சியைத் திரும்பப் பிடிப்பது ஒரு வேலை. கட்சியைத் திரும்பக் கட்டுவது இன்னொரு வேலை. காங்கிரஸ் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்தது. இரண்டாவதை என்ன செய்தது என்பதைத்தான் கடைசியில் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: 1971 – 352. 1977 – 154.)

முதலில் விழுந்த அடி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 1971-ல் 352 இடம் ஜெயித்த கட்சி, 1975-ல் இந்திரா கொண்டுவந்த எமர்ஜென்சி எனும் நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977 மார்ச்சில் 154-க்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதி, ஒன்றுகூட இல்லை. பிகாரில் 54, ஒன்றுகூட இல்லை. ரே பரேலியில் இந்திரா காந்தியே ராஜ் நாராயணிடம் 55 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அமேதியில் மகன் சஞ்சயும் தோற்றார்.

ஆனால் வரைபடத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். ஆந்திராவில் 42-க்கு 41. கர்நாடகாவில் 28-க்கு 26. கிடைத்த 154-ல் பாதிக்கு மேல் நான்கு தென் மாநிலங்கள் கொடுத்தவை. எமர்ஜென்சியின் கட்டாயக் கருத்தடையும் குடிசைகளை இடித்த புல்டோசரும் வடக்கை உலுக்கிய அளவுக்குத் தெற்கைத் தொடவில்லை. தோற்ற கட்சிக்குக் கால் வைக்க ஒரு மண் மிச்சம் இருந்தது. இது பெரிய விஷயம். எல்லாக் கட்சிக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

அடுத்து, எதிராளி, அதாவது 1977-ல் ஜெயித்து ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சி, செய்த உதவி. 1977 அக்டோபர் 3 அன்று சி.பி.ஐ. இந்திராவைக் கைது செய்தது. டெல்லியைத் தாண்டி ஹரியானா பக்கம் காரில் கொண்டுபோகும்போது வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்திரா காரைவிட்டு இறங்கி, பக்கத்தில் இருந்த சிறு பாலத்தின் திண்டில் உட்கார்ந்துவிட்டார். உத்தரவு இல்லாமல் டெல்லியைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்று வக்கீல்கள் வாதாட, வண்டி திரும்பியது. மறுநாள் மாஜிஸ்திரேட், கைதுக்கு ஆதாரமில்லை என்று விடுவித்தார். எமர்ஜென்சியில் ஊரையே சிறையில் அடைத்தவர், ஒரே நாளில் பாதிக்கப்பட்டவராக மக்கள் முன்னால் நின்றார்.

1978 ஜனவரியில் கட்சி உடைந்தது. இந்திரா பக்கம் நின்றவர்கள் காங்கிரஸ் (இ) ஆனார்கள். பழைய பசு–கன்று சின்னம் போயிற்று, கை சின்னம் வந்தது. அடுத்த மாதமே கர்நாடகாவிலும் ஆந்திராவிலும் சட்டமன்றத் தேர்தல். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான வாக்காளர்களுக்கு ஒரு புதுச் சின்னத்தைச் சில வாரங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சின்னத்துக்குச் சுவரொட்டிகூடத் தேவையில்லை. தொண்டன் கையைத் தூக்கிக் காட்டினால் போதும். இரண்டு மாநிலமும் அவர்கள் கைக்கு வந்தன.

அந்த மே மாதம் ஆசம்கர் இடைத்தேர்தல். உத்தரப் பிரதேச முதல்வராகிவிட்ட ராம் நரேஷ் யாதவ் காலி செய்த தொகுதி அது. ஒரு வருடத்துக்கு முன்பு ஓர் இடம்கூடத் தராத மாநிலத்தில், முதல்வரின் தொகுதியிலேயே மொஹ்சினா கித்வாய் ஜெயித்தார். நவம்பரில் கர்நாடகாவின் சிக்மகளூரில் இந்திராவே நின்று ஜெயித்தார். ஜனதா அரசு மறுபடியும் அதே தப்பைச் செய்தது: டிசம்பரில் அவருடைய எம்.பி. பதவியைப் பறித்து, திகார் சிறைக்கு அனுப்பியது. ஒரு வாரத்தில் வெளியே வந்தார்.

சரி, தமிழ்நாடு? இங்கேதான் கூட்டணி என்ற கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிகிறது. 1976-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தவர் இந்திரா. விசாரணையில்லாமல் அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் சிறையில் அடிபட்டார்கள். 1978 அக்டோபரில் அவர் மதுரை வந்தபோது தி.மு.க. கறுப்புக் கொடி காட்டியது, கல் பறந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த பழ. நெடுமாறன் குறுக்கே நின்று காப்பாற்றினார். எம்.ஜி.ஆர். நட்பாக இருந்தும், 1979-ல் தஞ்சாவூர் இடைத்தேர்தலில் இந்திரா நிற்க விரும்பியபோது கடைசியில் பின்வாங்கிவிட்டார். அப்புறம் என்ன நடந்தது? 1980 தேர்தலில் தி.மு.க. மேடையிலிருந்தே 'நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக' என்ற குரல் வந்தது. 39-ல் 37 அந்தக் கூட்டணிக்கு.

அதற்குள் டெல்லியில் ஜனதா தானாகவே சிதறியிருந்தது. 1979 ஜூலையில் பிரதமர் மொரார்ஜி தேசாய் விலகினார். சரண் சிங் இந்திராவின் ஆதரவோடு பிரதமரானார். ஒரு மாதம் முடிவதற்குள் அந்த ஆதரவு விலக்கப்பட்டது, நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே அவரும் போனார். வெங்காய விலை எகிறியிருந்த நேரம். 1980 ஜனவரியில் காங்கிரஸ் (இ) 353 இடம்.

(திரையில்: லண்டன், நாடாளுமன்றம்.)

இப்போது ஒரு நிமிடம் பிரிட்டனுக்குப் போய் வருவோம். 1983-ல் லேபர் கட்சி 27.6 சதவீத ஓட்டோடு 209 இடத்துக்கு வந்தது. கட்சித் தலைவர் நீல் கின்னக் 1985 மாநாட்டில், தன் கட்சிக்காரர்கள் சிலர் எழுந்து வெளிநடப்பு செய்ய, அவர்கள் முகத்துக்கு நேரே தீவிர இடதுசாரிக் குழுவைக் கண்டித்தார். 1987-லும் 1992-லும் தோற்றார். அவருக்குப் பின் ஜான் ஸ்மித், 1993-ல் வேட்பாளர் தேர்வில் தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக மொத்தமாக ஓட்டுப் போடும் முறையை எடுத்துவிட்டு, ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்றார். டோனி பிளேர் 1995-ல், உற்பத்தி எல்லாம் பொதுவுடைமை என்று சொன்ன கட்சி விதியின் நான்காம் பிரிவையே உறுப்பினர் ஓட்டு கேட்டு மாற்றி எழுதினார். அந்த மாற்றம் சரியா என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் தோல்விக்குக் கட்சிக்குள்ளேயே காரணம் தேடினார்கள், அதைக் கட்சிக்காரர்கள் முன்னால் பேசினார்கள். 1997-ல் 418 இடம் வந்தபோது, ஆட்சியை இழந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

காங்கிரஸுக்கு மூன்றே வருடம் போதுமானதாக இருந்தது. அங்கேதான் எனக்கு வருத்தம். எமர்ஜென்சியில் எங்கே தவறினோம் என்று கட்சி உட்கார்ந்து பேசவே இல்லை. 1980-ல் சஞ்சயின் ஆட்களுக்கு ஏராளமாக சீட் கிடைத்தது. கஷ்ட காலத்தில் கர்நாடகாவைத் தாங்கிப் பிடித்து, சிக்மகளூர் வெற்றிக்குத் துணை நின்ற அந்த மாநில முதல்வர் தேவராஜ் அர்ஸ், 1979-லேயே வெளியே தள்ளப்பட்டார். 1972-க்குப் பிறகு உட்கட்சித் தேர்தல் என்பதே 1992 வரை நடக்கவில்லை. இருபது வருடம், மாவட்டத் தலைவரிலிருந்து முதல்வர் வரை எல்லாம் மேலிடம் போட்டதுதான்.

ஆந்திராவைப் பாருங்கள். 1977-ல் எல்லோரும் கைவிட்டபோது 41 இடம் கொடுத்த மாநிலம். 1980-க்கும் 1983-க்கும் நடுவில் சென்னா ரெட்டி, அஞ்சய்யா, வெங்கடராமி ரெட்டி, விஜயபாஸ்கர ரெட்டி என்று நான்கு முதல்வர்கள், எல்லாம் டெல்லி முடிவு. 1982 மார்ச்சில் என்.டி.ஆர். தெலுங்கு தேசத்தைத் தொடங்கினார். தெலுங்கர் மானம் என்று பேசினார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1983 ஜனவரியில் ஆட்சி அவர் கையில்.

(திரையில்: உத்தரப் பிரதேச வரைபடம். எண்கள் ஒவ்வொன்றாக வரும்.)

உத்தரப் பிரதேசம், மொத்தம் 85 இடம். 1980-ல் 51. 1984-ல், இந்திரா கொலைக்குப் பின் வீசிய அனுதாப அலையில் 83. 1989-ல் 15. அந்த டிசம்பரில் என்.டி. திவாரி முதல்வர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு லக்னோவில் காங்கிரஸ் முதல்வர் என்று யாரும் வரவில்லை. 1998 மக்களவைத் தேர்தலில் அதே 85 தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது, 1977-ல் கிடைத்த அதே பூஜ்யம்.