சனிக்கிழமை ஆய்வகம்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டாள். மறுநாள் கேட்டால், "நீங்க பிஸியா இருந்தீங்க மேடம்" என்கிறாள். நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்க வந்தது கோடைக்கால ஆய்வைப் பற்றி. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை. உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. சென்னை ஐஐடியிலும் கோடைத் திட்டம் இருக்கிறது. மே மாதம்தானே என்று ஏப்ரலில் விசாரிக்காதீர்கள். அகாடமிகளின் விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே முடிந்துவிடும்.

விண்ணப்பத்தோடு ஆசிரியரின் கடிதமும் வேண்டும். அங்கேதான் சிக்கல். வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு நான் என்ன எழுதுவது? "ஒழுக்கமானவர்" என்று எழுதினால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் சனிக்கிழமைதோறும் வந்தான். விடுதி போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை, அளப்பதுதான் வேலை. பியூரெட் என்ற அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து, அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசல் சொட்டுச் சொட்டாக விழ, குடுவையில் ஒயின் சிவப்பு நீலமாகும் நொடியில் நிறுத்த வேண்டும். ஒரே தண்ணீர்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ரீடிங். அழித்து எழுதப் போனவனிடம், தப்பான எண்ணும் நோட்டில் இருக்கட்டும் என்றேன். மூன்றாவது வாரம் அவனே பிடித்துவிட்டான்: பியூரெட் நுனியில் ஒரு காற்றுக்குமிழி. அந்தக் குமிழியைப் பற்றித்தான் அவன் கடிதத்தில் எழுதினேன். இடம் கிடைத்தது.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. ஆய்வுக்கு என்று வந்த பிள்ளையை மதிப்பெண் கூட்டிப் போட வைத்தவள்தான் நானும்.

1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற, அப்போது மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவர் தங்கிய ஹோட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொல்லி, அச்சேறாத தன் கட்டுரையின் புரூஃபை அவர் கொடுத்தனுப்பினார். மறு ஆண்டே, பட்டம் வாங்குமுன், சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. எல்லோரும் சந்திரசேகர் ஆகப்போவதில்லை, சரி. ஆனால் அவர் வாசலோடு திரும்பவில்லை.

அந்த மாணவி இந்தச் சனிக்கிழமை வருகிறாள். அவள் தெருவுக்கு வரும் லாரித் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துவரச் சொல்லியிருக்கிறேன்.