புழுக்கைத் தட்டைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வயிறு சரியில்லாத நாய் புல்லைத் தின்று கக்கிவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடல் ஓட்டம் நின்றுபோனால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வலியையும் முயல் காட்டிக்கொள்ளாது. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும், அவ்வளவுதான். நாமோ சாதுவாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம்.

அதனால் காலையில் எழுந்ததும் புழுக்கைத் தட்டைப் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, காய்ந்து, ஒரே அளவில் இருக்கும். நசுக்கினால் புல்தூள் உதிரும். சிறுத்தோ, கோணலாகவோ, முடியில் கோர்த்தபடியோ வந்தால் குடல் மந்தமாகிறது என்று அர்த்தம்.

கருந்திராட்சைக் கொத்துப் போல, மெத்தென்று பளபளப்பாகவும் சில நேரம் வரும். பேதி என்று பயப்படாதீர்கள். பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல இருக்கும் குருட்டுக்குடலில் நொதித்து, வைட்டமின்கள் சேர்ந்து வருவது அது; முயல் அதை நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். தின்னாமல் அடிக்கடி மிஞ்சிக் கிடந்தால் தீனியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிஸ்கட், சோறு, தினமும் கேரட் என்று செல்லம் கொடுக்கிறோம் இல்லையா, அதுதான் வினை. காய்ந்த அருகம்புல் கூண்டில் நாள் முழுக்கக் கிடக்கட்டும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்குக் கொஞ்சம் போதும்.

சரி, தீனியும் எடுக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றால்? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சோர்ந்து, உடம்பு சில்லென்று இருந்தால் துணியில் சுற்றிக் கதகதப்பாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். வயிறு உப்பி விறைத்திருந்தால் வாயில் எதையும் திணிக்க வேண்டாம், அடைப்பாக இருக்கலாம். பால் மறந்த குட்டிக்கு நீராகப் பேதி போனாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்காதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, மருந்தே அதைக் கொன்றுவிடும்.

அப்புறம், கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், நாய்க்குப் போடுவது போல இரவெல்லாம் பட்டினி போடாதீர்கள். வாந்தி எடுக்காத பிராணிக்கு அது தேவையில்லை; பட்டினியே குடலை நிறுத்திவிடும். போகும்போது கூடையில் கொஞ்சம் புல்லும் வைத்துக்கொண்டு போங்கள்.