கணக்குப்பிள்ளை நோட்டும் டேபிள் இல்லாத டேட்டாபேஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்னால் போயிருக்கிறீர்களா? நனைந்த சாக்கு, தராசுச் சத்தம், மல்லி வாசம். கமிஷன் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நீள நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். போன ஆவணி மாதம் ஒரு கடையில் அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்க சார்" என்று கணக்குப்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒரு விவசாயிக்கு ஒரு பக்கம். மேலே பெயர், ஊர். கீழே தேதிவாரியாக வரத்து: மல்லி 4 கிலோ 300, அன்றைய விலை, கமிஷன் கழிவு. ஓரத்தில் பென்சிலால், 'சாக்கு 2 பாக்கி'. அதற்கும் கீழே, 'தம்பி வந்து 2,000 வாங்கிக்கொண்டார்'. அடுத்த பக்கம் செவ்வந்தியும் அரளியும் போடுகிற ஒருவருடையது. அதில் சாக்குப் பேச்சே இல்லை, முன்பணக் கணக்குதான் நீளமாக ஓடியது. ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லை. ஆனால் ஒருவர் வந்து "அண்ணே, என் கணக்கு எவ்வளவு நிக்குது?" என்று கேட்டால், ஒரே பக்கத்தைத் திருப்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

நான் 18 வருடமாக டேட்டாபேஸ், அதாவது தகவலைச் சேர்த்து வைத்துக் கேட்டதும் எடுத்துத் தருகிற மென்பொருள், அதில் வேலை பார்க்கிறவன். இன்று டாக்குமெண்ட் டேட்டாபேஸ் என்று எதைச் சொல்கிறோமோ, அது அந்த நோட்டுப் பக்கம்தான் என்று அங்கே எனக்குப் பட்டது. ஒருவரைப் பற்றிய எல்லாம் ஒரே இடத்தில். ஒவ்வொருவருக்கும் தேவையான அளவு, தேவையான வடிவத்தில்.

அப்புறம் அவரிடம் வேறொன்று கேட்டேன். "நேற்று மல்லி மொத்தம் எத்தனை கிலோ வந்தது?" அவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். இந்தக் கேள்விக்கு அந்த நோட்டு தோதுப்படாது. எப்படிக் கேட்கப் போகிறோம் என்பது தெரிந்தால்தான் எப்படி எழுதி வைப்பது என்று முடிவு செய்ய முடியும். இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

மொத்த மல்லிக் கணக்குக்கு ஏற்றது டேபிள், அதாவது அட்டவணை முறை. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் இதற்கு அடிப்படை போட்டார். விவசாயிகளுக்கு ஒரு அட்டவணை, பூக்களுக்கு ஒன்று, வரத்துக்கு ஒன்று. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் எழுதப்படும். வேண்டும்போது அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிற இடத்தில் இந்தக் கட்டுப்பாடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. இதைப் பழசு என்று மாணவர்களிடம் சொல்லித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, பிறகு ஏன் வேறு முறைகள் வந்தன? ஒரு கணினிக்குள் அடங்காத அளவுக்குத் தகவல் பெருகியதால். இன்டர்நெட் முழுவதையும் தேடித் தர வேண்டிய கூகுள், தன் வழிமுறைகளை 2003, 2004, 2006ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டது. அவற்றில் முதல் இரண்டைப் படித்து டக் கட்டிங் என்ற மென்பொருளாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியதுதான், தகவலைப் பல கணினிகளில் பிரித்து வைத்து வேலை வாங்குகிற ஹடூப். கட்டிங்கின் மகன் வைத்து விளையாடிய மஞ்சள் நிற யானைப் பொம்மையின் பெயர் அது. 2007இல் அமேசான், தகவலைப் பல கணினிகளில் பிரித்து வைக்கிற தன் டைனமோ அமைப்பை ஒரு கட்டுரையில் விவரித்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மன் பின்பு ஃபேஸ்புக்கில் பிரசாந்த் மாலிக்கோடு சேர்ந்து கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸை உருவாக்கினார். 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குச் சூட்டிய 'நோ-சீக்வல்' என்ற பெயர் இந்த வகைக்கே நிலைத்துவிட்டது. அட்டவணைகளிடம் கேள்வி கேட்கிற மொழியின் பெயர் சீக்வல் (SQL). அதனால் 'அட்டவணை மட்டும் அல்ல' என்று அதற்குப் பொருள் கொள்வதே சரி.

டாக்குமெண்ட் வகை தவிர இன்னும் சில உண்டு. கடை வாசலில் சிலேட்டில் 'மல்லி' என்று எழுதி எதிரே விலை போட்டிருப்பார்களே, அது ரெடிஸ் போன்ற சாவி-மதிப்பு வகை. பெயரைச் சொன்னால் மதிப்பு வரும், அடிப்படையில் அவ்வளவுதான், ஆனால் மின்னல் வேகம். யார் யாருக்கு ஜாமீன் நின்றார், அவருக்கு ஜாமீன் யார் என்று சங்கிலியாகத் தேட வேண்டுமானால் நியோ4ஜே போன்ற கிராஃப் வகை. கசாண்ட்ரா வகைக்கு வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69இல் மூன்றாவது என்று நமக்குத் தெரியும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கருவி அளவை அனுப்பினால் நாளைக்கு 288 பதிவு, வருடத்துக்கு 1,05,120. இப்படி ஆயிரம் கருவிகள் ஆறு, கால்வாய், கண்மாய் எங்கும் இருந்தால் வருடத்துக்கு 10 கோடியைத் தாண்டிவிடும். ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், எழுதியதைத் திருத்த வேண்டிய தேவை குறைவு. அந்த வேலைக்கென்றே செய்த வகை அது.

பல கணினிகளில் பிரித்து வைத்தால் அவை ஒத்துப்போக வேண்டுமே, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு வியாபாரிக்கு மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை, திருமங்கலம் என மூன்று கடைகள். மூன்றிலும் ஒரே விலை நோட்டு. விலை மாறினால் மூன்றில் இரண்டு நோட்டிலாவது நேரத்தோடு எழுதிய பிறகுதான் 'சரி, மாறிவிட்டது' என்று சொல்வார்கள். விலை கேட்கிறவரும் ஏதாவது இரண்டு கடையில் கேட்டு, பிந்திய நேரம் போட்டதை எடுத்துக்கொள்வார். எழுதியது இரண்டு, கேட்டது இரண்டு, இருப்பது மூன்று. ஆக, கேட்ட இரண்டில் ஒன்றிலாவது புது விலை இருந்தே தீரும். ஒரு கடை பூட்டிக் கிடந்தாலும் வியாபாரம் நிற்காது. டைனமோ வழியில் வந்த டேட்டாபேஸ்கள் இந்த எளிய கூட்டல் கணக்கை நம்பித்தான் ஓடுகின்றன.

நிலக்கோட்டைக்கும் மற்ற இரண்டுக்கும் போன் தொடர்பே அறுந்துவிட்டால்? அங்கே இருக்கிறவர் பழைய விலையைச் சொல்லி வியாபாரத்தைத் தொடரலாம், இல்லை தொடர்பு வரும்வரை விலை சொல்லாமல் இருக்கலாம். சரியான விலை, நிற்காத வியாபாரம் இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது. 2000இல் எரிக் ப்ரூவர் இதை முன்வைத்தார், 2002இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்தார்கள். சமூக வலைத்தளத்தில் விருப்பக் குறிகளின் எண்ணிக்கை கொஞ்ச நேரம் தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரேஷன் இருப்பு தப்பாக இருந்தால் ஒருவர் வெறும் பையோடு வீட்டுக்குப் போக நேரும். எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவை மென்பொருளிடம் விட்டுவிடக் கூடாது.

அண்மைக் காலத்தில் இரண்டு முகாம்களும் நெருங்கி வந்துவிட்டன. அட்டவணை வகையான போஸ்ட்கிரஸ் 2014லிருந்தே ஜேசன் என்ற வடிவத்தில் எழுதிய, நோட்டுப் பக்கம் போன்ற ஆவணங்களை வேகமாகக் கையாளுகிறது. டாக்குமெண்ட் வகையான மாங்கோடிபி 2018இல் பல ஆவணங்களை ஒருசேர மாற்றும்போது எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவும் நடக்க வேண்டாம் என்ற உறுதியைக் கொடுத்தது. கிராஃப் வகைக்கு 2024 ஏப்ரலில் ஜிக்யூஎல் என்ற சர்வதேசத் தர மொழி வந்தது.

இப்போது எல்லோரும் பேசுவது வெக்டர் தேடல். ஒரு வாக்கியத்தின் பொருளை நீளமான எண் வரிசையாக மாற்றி வைப்பார்கள். பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும். 'பூ வாடாம வைக்கிறது எப்படி' என்று ஒருவர் தேடினால், 'மலர்களைப் பதப்படுத்தும் முறைகள்' என்ற குறிப்பு கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் கிடைக்கிறது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வளவு விலகி நிற்கிற நம் மொழிக்கு இது பெரிய உதவி. 2024இல் வந்த கசாண்ட்ரா 5.0இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. போஸ்ட்கிரஸுக்கு பிஜிவெக்டர் என்ற இலவச இணைப்பு உண்டு.

தமிழ் என்றதும் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அமைப்புக்காக முகவரிகளைச் சேர்த்து வைத்திருந்தோம். 'கோச்சடை' என்று தேடினால் அங்கே குடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. திரையில் எழுத்து அச்சு அசல் ஒன்றுதான். இரண்டு நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோட் முறையில் 'கோ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. விட்டுப்போனவர்களில் ஒரு வயதான அம்மாவுக்குப் போக வேண்டிய தபால் மூன்று மாதம் போகவே இல்லை. பதியும்போதும் தேடும்போதும் எழுத்தை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒழுங்குக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் வராது, ஒரு வரி நிரல் போதும். தமிழில் தகவல் சேர்க்கிற எல்லோரும் தயவுசெய்து அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் என்றும் அதே நிபந்தனையில் இருக்கும் என்பதில்லை. மாங்கோடிபி 2018இலேயே உரிமத்தை மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் மாற்றியதும், அதில் உழைத்த பலர் பழைய நிரலை எடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வால்கீ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் மறுபடி ஒரு திறமூல உரிமத்தையும், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்ற விடுகிற உரிமத்தையும், சேர்த்தது. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களில் சின்னதாகக் கம்பெனி தொடங்குகிற தம்பி தங்கைகள், மென்பொருளை இறக்குவதற்கு முன்னால் உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

பிக் டேட்டா, அதாவது பெருந்தரவு, என்றால் அறை நிறைய கணினி வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். பத்து வருட மல்லி விலையின் சராசரி வேண்டுமென்றால் பெயர், ஊர், சாக்குப் பாக்கி எல்லாவற்றையும் எதற்குப் படிக்க வேண்டும்? அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடுகிற விலைப் பத்தியை மட்டும் படித்தால் போதும். அப்படிப் பத்தி பத்தியாகத் தகவலை வைப்பதுதான் பார்க்கே என்ற கோப்பு வடிவம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டக்டிபி என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளைச் சாதாரண லேப்டாப்பிலேயே வேகமாகப் படிக்கிறது. பெருந்தரவு என்று நாம் மலைக்கிற பலவும் அதற்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. நிஜமாகவே அடங்காதபோது, வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பார்க் இருக்கிறது.

படிக்க வழி நிறைய இருக்கிறது. ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்களைக் கட்டணமில்லாமல் கேட்கலாம், தேர்வு எழுதினால்தான் பணம். மாங்கோடிபி, நியோ4ஜே இரண்டும் இலவச வகுப்புகள் வைத்திருக்கின்றன. மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் மழை அளவு, சந்தை விலை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் அட்டவணை முறையை நன்றாகப் பழகுங்கள், பிறகு மற்றவை.

அதற்கும் முன்னால், வீட்டிலோ உறவிலோ ஒரு கடை இருக்கும். அங்கே ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு ஒரே பக்கத்தில் பதில் வருகிறது, எதற்கு நோட்டு முழுவதையும் புரட்டுகிறார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள்.

வணக்கம்.