மச்சில் ஒரு நாகர்கோவில் ஜங்ஷன்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்குள் குட்டி ரயில் ஓட்டுகிற பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்படிச் சொன்னதுமே பாதிப் பேருக்கு, திருவிழாக் கடையில் வாங்கிச் சாவி கொடுத்தால் வட்டமடிக்கிற பிளாஸ்டிக் ரயில்தான் ஞாபகம் வரும். அது விளையாட்டுச் சாமான், அதைக் குறை சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. நிஜ ரயிலை ஒரே விகிதத்தில் சுருக்கி, அதற்கேற்ற ஸ்டேஷன், கேட், குளம், வயல் எல்லாம் செய்து வைத்து, மின்சாரத்தில் நிஜம் போலவே ஓட்டுவது. எங்கள் வீட்டு மச்சில் பல வருஷமாக இந்த வேலைதான் நடக்கிறது. பக்கத்து வீட்டு மாமா எப்போது ஏறி வந்தாலும் "மக்கா, இன்னும் முடியலியா இது?" என்பார். முடியவில்லை மாமா, முடிகிற உத்தேசமும் இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து ஒரு பனிமலையும் ஓட்டு வீடுகளும் செய்து வைப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தினமும் பார்க்கிறவனுக்கு ஆல்ப்ஸ் மலை எதற்கு? நம்ம ஊர் லைனைக் கட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. இதற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. ஒரு சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாம். பிளாட்பாரத்தின் விளிம்பு என்ன நிறம், கேட்டுப் பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது, இதையெல்லாம் எந்தப் பெட்டியின் அட்டையும் சொல்லாது.

நம்ம லைனுக்கு வயசும் அதிகமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979இல், திருநெல்வேலிப் பாதை சேர்ந்தது 1981இல். பிறந்ததே அகலப்பாதையாகத்தான், இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் மீட்டர் கேஜ் என்கிற குறுகலான பாதையைப் பார்த்ததே இல்லை.

அந்த அகலத்தில்தான் முதல் சிக்கல். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்ஓ என்கிற அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. அதில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்குச் சரி. நம்ம பாதையோ 1676 மில்லிமீட்டர், 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, கடையில் வாங்குகிற தண்டவாளத்தில் சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்கிற நம்ம ரயில் பெட்டியின் மாடலை வைத்தால் அது கால் ஒடுங்கி நிற்கும். சரியான அகலம் வேண்டும் என்றால் கையால்தான் பாதை போட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று மில்லிமீட்டரை மன்னித்துவிட்டு வண்டி ஓட்டுகிற ஆள் நான்.

அப்புறம் நீளம். நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து கன்னியாகுமரி சுமார் 16 கிலோமீட்டர். 87இல் ஒரு பங்கு என்றாலும் 180 மீட்டருக்கு மேலே போகும், அந்த அளவுக்கு மச்சு யார் வீட்டில் இருக்கிறது? ஒரு ஐசிஎஃப் பெட்டி மட்டும் இந்த அளவில் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர், இருபது பெட்டி கோர்த்தால் வண்டியே 5 மீட்டர். அதனால் வீட்டில் ஐந்தாறு பெட்டியோடு நிறுத்திக்கொள்வோம். சுசீந்திரத்தை வைக்கலாம், நடுவில் வருகிற வயலைப் பாதியாக்கலாம். எதை விட்டாலும் ஊர் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முப்பந்தல் காற்றாலை இல்லாமல் ஆரல்வாய்மொழி உண்டா? ஆனால் 50 மீட்டர் கோபுரம் ஒன்று இந்த அளவில் 57 சென்டிமீட்டர் உயரம் வந்து ரயிலையே சின்னதாக்கிவிடும். அதற்கு வழி, பின்வரிசைக் காற்றாலைகளை 160இல் ஒரு பங்கான ‘N’ ஸ்கேல் என்கிற அளவில் செய்து சுவரோரம் வைப்பது. கண் அதைத் தூரம் என்று நம்பிவிடும்.

இனி நாகர்கோவிலுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம். ஜங்ஷனில் மூன்று பாதைகள் கூடுகின்றன. திருவனந்தபுரம் பக்கமிருந்து திருநெல்வேலி பக்கம் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்தால் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அதைத் தவிர்க்க டவுன் ஸ்டேஷன் வழியாக நேரே போகிற இணைப்பும் இருக்கிறது. ஆக, அங்கே பாதை ஒரு முக்கோணம். இதை அப்படியே மச்சில் போட்டு சுவிட்சைப் போட்டீர்கள் என்றால் வண்டி நகராது, கன்ட்ரோலர் சூடாகும். ஏன் என்றால் இந்த மாடலில் தண்டவாளம்தான் கம்பி. ஒன்று பிளஸ், மற்றது மைனஸ், 12 வோல்ட் டிசி. முக்கோணத்தில் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் திரும்புகிற இடத்தில் பிளஸ் தண்டவாளம் மைனஸோடு போய்ச் சேர்ந்துவிடும். ஷார்ட் சர்க்யூட்.

தீர்வு இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று பக்கத்தில் ஒன்றை, நான் டவுன் இணைப்பைத்தான் எடுத்துக்கொண்டேன், இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் தனித்துண்டாக்க வேண்டும். அதற்கு மட்டும் திசை மாற்றுகிற சுவிட்ச் வழியாகக் கரண்ட். வண்டி முழுசாக அந்தத் துண்டுக்குள் வந்ததும் நிறுத்தி, சுவிட்சையும் கன்ட்ரோலரின் திசையையும் மாற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். துண்டு வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இப்போது டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் இன்ஜினுக்குள்ளேயே ஒரு சிப் இருக்கிறது, இந்த மாற்றத்தைச் செய்ய ஒரு குட்டி போர்டும் கிடைக்கிறது, வண்டி நிற்காமலே போய்விடும். வசதிதான். ஆனாலும் கையால் சுவிட்ச் போடுகிறபோது ஸ்டேஷன் மாஸ்டராக ஒரு கெத்து வருகிறது பாருங்கள், அது வேறு.

பருவநிலை என்று பார்த்தால் நம்ம ஊர் இதற்குக் கொஞ்சம் எதிரி. வருஷத்தில் இரண்டு மழைக்காலம், போதாததற்கு உப்புக்காற்று. சாதாரணப் பிளைவுட் வளைந்துவிடும், தண்டவாளம் கறுத்து இன்ஜின் திக்கித் திக்கி ஓடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பதும் ஓட்டுவதும் ஒரே வேலைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்தில் ஊர் நம்ம பக்கம். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றினால் புல். தேங்காய்க் கதம்பை நாரைப் பிரித்தால் வரப்போரத்துக் கோரை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தயவுசெய்து கடற்கரை மண்ணை அள்ளாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மண்ணை ஒரு தாளில் பரப்பி, அடியில் ஒரு நல்ல காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், கறுப்புத் துகள்கள் எழுந்து காந்தம் போகிற பக்கமெல்லாம் ஊர்ந்து வரும். இல்மனைட்டும் அதோடு சேர்ந்த இரும்புத் தாதுக்களும் அவை. மாடல் இன்ஜினுக்குள் இருக்கிற மோட்டாரிலும் காந்தம்தான். ஒவ்வொரு சுற்றிலும் துகளை உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொள்ளும், அப்புறம் மோட்டார் போச்சு. போதாததற்கு அந்த மண்ணில் உப்பும் உண்டு. குவாரித் தூளைச் சலித்து, கழுவிக் காயவைத்து, அதிலும் காந்தத்தை ஓட்டிவிட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டுங்கள். அந்தப் பசையில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டால் தூளுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

ஓட்டுகிறபோது வேகம். பிள்ளைகள் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால் ராக்கெட்தான். நிஜத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் ஒரு நொடிக்கு 32 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் போக மூன்று நொடி ஆக வேண்டும். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அதிலும் கால்வாசிதான். இப்படி ஓட்டினால் சின்ன மச்சும் பெரிசாகத் தெரியும்.

எந்தக் காலத்தைக் கட்டுவது என்று கேட்பார்கள். டீசல் காலத்தை எடுங்கள். மேலே மின்கம்பி இழுக்கிற வேலை மிச்சம், அதை ஒழுங்காகச் செய்வது தனி வித்தை. ஸ்டேஷனில் ஒன்றுதான் என்றால் கன்னியாகுமரியை எடுங்கள். அதற்கு அப்பால் லைன் கிடையாது, இன்ஜின் இழுத்து வருகிற எந்த வண்டி வந்தாலும் அதைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டியாக வேண்டும். ஒரு பலகையில் பாதை பிரிகிற பாயின்ட் இரண்டு மூன்றை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க வேலை இருக்கும். அசாமில் உள்ள திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிற விவேக் எக்ஸ்பிரஸும் அங்கேதான் வந்து நிற்கிறது என்பதால் வெளிமாநில வண்டிகளைக் கட்டவும் சாக்கு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. அளவெடுக்க, பார்க்க என்று ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பெட்டி நீளத்தை பிளாட்பாரத்தில் நடந்தே கணக்கிடலாம். நன்றி, வணக்கம்.